பிள்ளை வளரும், ஸ்வெட்டர் வளராது

கடையில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலையை அரை வருடத்துக்கு நீட்டும் கலைக்குக் கைப்பின்னல் பரிசு என்று பெயர். இரண்டு ஊசி, நாலைந்து நூல்கண்டு, உறவில் ஒரு கர்ப்பச் செய்தி கிடைத்தால் போதும். தாம்பரத்து வெயிலில் உட்கார்ந்து சிகாகோக் குளிருக்குப் பின்னும் பாட்டிகளுக்கு நேரம் உண்டு. சிக்கல் அலுவலகம் போகிறவர்களுக்குத்தான். மின்சார ரயிலில் நாலு வரிசை, குக்கர் விசிலடிப்பதற்குள் இரண்டு வரிசை என்று சேர்ப்பவர்கள் அவர்கள். ஊசிப் பின்னலில் வரிசையின் கண்ணிகள் அத்தனையும் திறந்தே நிற்கும். கைபேசி அலறி ஒன்று நழுவினால், அது ஏணிபோலக் கீழிறங்கி, போன வாரத்து உழைப்பையும் கூட்டிக்கொண்டு போய்விடும். குரோஷாவில் ஒரே கொக்கி, பெரும்பாலும் ஒரே கண்ணி. அழைப்புமணி அதிகம் அடிக்கும் வீடுகளுக்கு அதுவே உத்தமம்.

குழந்தையோ காத்திருப்பதில்லை. பிறந்த எடை ஏறத்தாழ 5 மாதத்தில் இரட்டிப்பாகும், ஓராண்டில் மும்மடங்காகும். ஸ்வெட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே பரிசு, பெயர்சூட்டு விழாவிலிருந்து முதல் பிறந்தநாளுக்கும், அங்கிருந்து இன்னும் பிறக்காத தம்பிக்கும் தள்ளிப்போகிறது. மேலைநாட்டில் ‘ஸ்வெட்டர் சாபம்’ என்றொரு நம்பிக்கை உண்டு: காதலனுக்குப் பின்னத் தொடங்கினால், முடிவதற்குள் காதல் முறிந்துவிடுமாம். பின்னி முடிக்க ஆகும் காலத்தைப் பார்த்தால் சாபத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

ஒருவழியாகப் பரிசு கைமாறியதும் சலவை இயந்திரத்துக்குப் போகும். நிஜக் கம்பளி வெந்நீரில் சுழன்றால் இறுகிச் சுருங்கும். வெளியே வரும்போது பொம்மைக்குக் கச்சிதமாக இருக்கும்.