நோய்வாய்ப்பட வாழ்த்துகள்!

கேள்வி: வைத்தியம், சங்கீதம், குடும்பம் மூன்றையும் ஒருவரே நேசித்து வாழ முடியுமா?

பதில்: ரஷ்யாவின் அலெக்சாந்தர் போரோதின் வாழ்ந்தாரே! மருத்துவம் படித்தவர், வேதியியல் பேராசிரியர். 1872 முதல் பெண்களின் மருத்துவப் படிப்புக்காகவும் உழைத்தார். காய்ச்சலில் படுத்து வகுப்புக்குப் போக முடியாவிட்டால்தான் இசை எழுத நேரம் கிடைக்கும். அதனால் நண்பர்கள், 'உடம்பு சரியில்லாமல் போகட்டும்' என்றே வாழ்த்துவார்களாம். எவ்வளவு அன்பான சாபம்!

1861-இல் ஹைடல்பர்க்கில் சந்தித்த பியானோ கலைஞர் எகத்தரீனாதான் மனைவியானார். 1881-இல் எழுதிய இரண்டாவது தந்தி நால்வரிசையை அவருக்கே சமர்ப்பித்தார் போரோதின். அதன் மூன்றாம் பகுதியை அவசியம் கேளுங்கள். போரோதின் வாசித்த கருவியான செல்லோ முதலில் பாடும். வயலின் அதை வாங்கித் திருப்பிப் பாடும். எனக்கு அது தம்பதியின் பேச்சாகவே கேட்கிறது.