தாலந்து அண்ணாச்சி

தன் பையன் தவழுகிற வயதில் பால்டின்னைத் தட்டினான் என்பதற்காக, ஆராதனையில் டிரம் வாசிக்க ஆண்டவர் அவனைப் பிரித்தெடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னவர் நம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைப் பக்கம் எந்தச் சேகரத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். ஆராதனை முடிந்ததும் பையனை முன்னால் தள்ளிக்கொண்டு ஐயர் வருகிற வழியில் நிற்பார்.

டிரம் அழைப்பு எல்.கே.ஜி.யோடு முடிந்தது. பிறகு பையன் தூக்கத்தில் உளறினான், யோசேப்பு. நாய்க்குட்டியைத் தெரு முழுக்க விரட்டினான், மேய்ப்பன். பக்கத்துப் பிள்ளையின் காதைக் கடித்தான், பேதுருவின் வைராக்கியம். ஒருநாள் ராத்திரி தண்ணீர் கேட்டு அப்பாவை எழுப்பியிருக்கிறான். மறுநாள் காலையில் அண்ணாச்சி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "மூணு தரம் எழுப்புனான் தம்பி, மூணு தரம்! சாமுவேல்!" அந்தக் கணக்கில் அண்ணாச்சி ஏலி ஆகவேண்டும். ஏலி வளர்த்த பிள்ளைகள் எப்படி உருப்பட்டார்கள் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறபோது இவருக்குப் பின்னால் நிற்கவே கூடாது. பையனுக்கு ஒருமுறை புலம்பலிலிருந்து ஒரு வசனம் வந்துவிட்டது. "இது அவங்க அம்மாவுக்கு எடுத்தது" என்று அதை மனைவி கையில் திணித்துவிட்டு மறுபடி கையை விட்டார். ஏசாயா வந்த பிறகுதான் வரிசை நகர்ந்தது.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் கீபோர்டு. பையனின் விரல் கட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நாம் மூன்றாம் சரணத்தை முடித்திருப்போம். அவன் கண் ஜன்னலுக்கு வெளியே கிரிக்கெட் ஆடுகிறவர்கள் மேல். "அபிஷேகம் இருக்கு, பயிற்சிதான் பத்தல" என்பார் அண்ணாச்சி. வசன ஒப்புவித்தல், வி.பி.எஸ். நாடகம் பற்றியெல்லாம் எழுதினால் எனக்கே அழுகை வரும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பழைய அழைப்புகள் அத்தனையும் ரத்தாகி, ஒரே அழைப்பு வந்தது: வேலூர் சி.எம்.சி. அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம், அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை. 1899இல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம், 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம். கேட்கிறவர்கள் கண் கலங்கும். கதையின் முன்பாதியை மட்டும் சொல்லமாட்டார். தாத்தாவும் அப்பாவும் மிஷனரி டாக்டர்களாக இருந்தும் அந்தப் பெண்ணுக்கு அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தவர். பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்கள், ஆண் டாக்டரைக் குடும்பத்தார் ஏற்காததால், ஒரே இரவில் செத்துப்போனார்கள். அந்த இரவுதான் அவர் மனதை மாற்றியது. அப்பா எந்த கோச்சிங் சென்டருக்கும் பணம் கட்டவில்லை.

அண்ணாச்சியின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார். கடையில் நின்றுகொண்டே மயங்கிக்கூட விழுந்திருக்கிறார். ஆனால் பிள்ளையை டாக்டராக்க ஆசை என்றால் ஆசை என்று சொல்லிவிட்டுப் போகலாமே! அதை ஆண்டவர் கணக்கில் எழுதுவானேன்? அந்தப் பையன் நீட்டில் தோற்றால் அப்பாவுக்கு மட்டுமா பதில் சொல்லவேண்டும்? பரலோகத்துக்கும் சேர்த்தல்லவா! பதினேழு வயதுப் பயல் தலையில் ஏற்றுகிற சுமையா இது? ஆண்டவர் யாரையாவது ஐ.டி.ஐ.க்கு அழைத்ததாக எந்தச் சாட்சிக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் அவர் பெயர் சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்பிய பெசலெயேல், உலோக வேலையும் கல் பதிக்கிற வேலையும் மரவேலையும் தெரிந்த தொழிலாளி.

வருஷத்துக்கு ஒருமுறை பைபிளை முழுக்க வாசித்து முடிக்கிறவர் அண்ணாச்சி, அதையும் வாசித்திருப்பார். ஈசாய் ஏழு பிள்ளைகளைச் சாமுவேலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டு, ஆட்டு மந்தையோடு இருந்த எட்டாவது பிள்ளையை மறந்த கதையை அவரே உருக்கமாகப் பிரசங்கித்திருக்கிறார். அப்போது அவர் மகள் அடுப்படியில் எல்லோருக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அந்தத் தெருவில் மிக்ஸி நின்றாலும் அயர்ன்பாக்ஸ் சுடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

போன அசனப் பண்டிகையில் பையன் சாட்சி சொல்ல எழுந்ததும் மைக் செத்தது. ஆளாளுக்கு "ஹலோ, ஹலோ" என்று தட்டினார்கள். அந்தப் பிள்ளை பந்தி இலையை வைத்துவிட்டுப் போய், ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் குனிந்து, ஒரு வயரைப் பல்லால் சீவி முறுக்கிச் சொருகினாள். மைக் உயிர்த்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் உயர்த்தினார்.

"ஸ்தோத்திரம்! பையன் வாயத் திறக்கதுக்குள்ள மைக் தானா வந்துட்டு பாத்தீங்களா? ஏ பிள்ள, அங்க என்ன நோண்டுத, போயி இலயப் போடு!"