சமத்துவத்தின் விலை 174.50 பவுண்டு

சமத்துவம் பற்றிப் பேசிய தேசங்கள் எத்தனையோ. அதற்கு ஒரு விலையும் குறித்து, ரசீதும் கொடுத்து, கட்டாதவரைக் கோர்ட்டில் நிறுத்தியாவது அதைக் காப்பாற்றிவரும் பெருமை பிரிட்டனுக்கு உண்டு. அங்கே டிவி பார்க்க லைசென்ஸ் வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் அதன் விலை ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. லண்டன் மேஃபேரில் அறைக்கொரு டிவி வைத்திருக்கும் சீமானின் மாளிகைக்கும் அதுதான். அவருடைய ஆபீசை விடியற்காலையில் துடைத்துவிட்டு ஈஸ்ட் ஹாமில் ஒற்றை அறைக்குத் திரும்பும் பெண்ணுக்கும் அதுதான். வருமான வரி ஆளுக்குத் தகுந்தபடி பேசும். இவருக்குக் கொஞ்சம், அவருக்கு அதிகம் என்று பாரபட்சம் காட்டும். லைசென்ஸுக்கு அந்தச் சின்ன புத்தி கிடையாது. சீமானுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கும் டிப்ஸ். அந்தப் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலியில் ஏறக்குறைய இரண்டு நாள் வேலை. இருவரும் ஒரே செய்தியைத்தானே பார்க்கிறார்கள்?

இந்த உயர்ந்த தத்துவம் புரியாத நாடுகளும் ஐரோப்பாவில் இருக்கின்றன. ஸ்வீடன் 2019இல் கட்டணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வருமானத்தில் ஒரு சதவீதம், அதற்கும் ஓர் உச்ச வரம்பு என்று வைத்துக்கொண்டது. பிரான்ஸ் 2022இல் தன் 138 யூரோவை ஒரேயடியாக ஒழித்தது. அவசரக்காரர்கள். ஜெர்மானியர்களைத்தான் பாராட்ட வேண்டும். 2013 முதல் அங்கே வீட்டில் டிவி இருக்கிறதா என்றே கேட்பதில்லை. வீடு இருக்கிறதல்லவா, கட்டு. பிரிட்டன் அந்த உயரத்துக்குப் போகவில்லை என்றாலும், தான் போகும் உயரத்துக்கு மக்களையும் விடாமல் இழுத்துச் செல்கிறது.

வழக்கம் பழையது. 1922இல் வானொலிக்குப் பத்து ஷில்லிங் என்று தொடங்கி, 1946இல் தொலைக்காட்சிக்கு இரண்டு பவுண்டு என்று வளர்ந்து, 1968இல் வண்ணத்துக்குத் தனி விலை வந்தது. அந்தப் பிரிவினை இன்றும் உயிரோடு இருக்கிறது. 2025 ஏப்ரல் கட்டணப்படி கறுப்பு வெள்ளையில் பார்ப்பவர் 58.50 பவுண்டு கட்டினால் போதும். ஏழைகளுக்கு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்: கடையில் கிடைக்காத ஒரு டிவியைத் தேடிப் பிடித்தால் மூன்றில் ஒரு பங்குதான் செலவு.

கருணை அதோடு நிற்கவில்லை. பார்வையற்றவர் என்று சான்று பெற்றவருக்குப் பாதிக் கட்டணம். சான்றிதழ் காட்டினால் அந்த ஆண்டுக் கணக்கில் 87.25 பவுண்டுக்கு அவர் டிவி 'பார்க்கலாம்'. பார்வையற்றவர் கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தால் 29.25தான். அவர் வீட்டுப் பெட்டியில் எந்த நிறம் தெரிகிறது என்பதை அரசு எவ்வளவு அக்கறையோடு கணக்கில் எடுத்திருக்கிறது பாருங்கள். காது கேளாதவருக்குச் சலுகை இல்லை. அவருக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே, முழுக் காசும் கட்டட்டும்.

சலுகைகளிலேயே நான் மிகவும் ரசிப்பது மாணவர்களுக்கானது. பெற்றோர் வீட்டில் லைசென்ஸ் இருந்தால், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை தன் மொபைலிலோ லேப்டாப்பிலோ டிவி பார்க்கலாம். முக்கிய நிபந்தனை, அந்தக் கருவி அதன் சொந்த பேட்டரியில்தான் ஓட வேண்டும். கால்பந்து ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பேட்டரி மூன்று சதவீதத்துக்கு இறங்கி, பையன் சார்ஜரைச் சுவரில் செருகினான் என்றால், அந்தக் கணம் வரை யோக்கியமாக இருந்தவன் குற்றவாளி. சட்டக் கல்லூரியில் மூன்று வருடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு பிளக் பாயிண்ட் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

பணம் போவது முக்கியமாக பிபிசிக்கு. ஆனால் பிபிசியைப் பார்ப்பவர்தான் கட்ட வேண்டும் என்று நினைப்பது குறுகிய மனம். எந்தச் சேனலாக இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு இந்தக் கடையில் காசு கொடுத்துப் போகும் பெருந்தன்மையை வேறெந்த வியாபாரத்தில் காண முடியும்? லண்டன் ஹாரோவில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு மாமியார், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதவர், பிபிசி எந்த எண்ணில் வரும் என்றுகூட அறியாதவர், சன் டிவி சீரியலை அது ஓடும்போதே பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடு பிபிசிக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதே சீரியலை மறுநாள் யூடியூபில் பார்த்தால் ஒன்றும் இல்லை. மருமகளின் சூழ்ச்சியை உடனே தெரிந்துகொள்ளத் துடித்தால் குற்றம், ஒரு நாள் பொறுத்தால் நிரபராதி! பொறுமையை வளர்க்க இதைவிட நல்ல சட்டம் இல்லை. பிபிசியின் ஐபிளேயருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது; 2016 செப்டம்பரிலிருந்து அதில் பிபிசி நிகழ்ச்சி பழையதோ புதியதோ எதைப் பார்த்தாலும் லைசென்ஸ்.

சரி, டிவியே இல்லாதவர்? அவரையும் தனிமையில் வாட விடுவதில்லை. 'சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று முகவரியிட்டுக் கடிதம் வரும். முதலில் விசாரிக்கும், பிறகு எச்சரிக்கும், பிறகு உங்கள் முகவரியில் விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிவிக்கும். எனக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தால் கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும். மனிதர் மனம் மாறியிருக்கலாம் அல்லவா? ஒன்றைச் செய்யவில்லை என்பதை அவ்வப்போது அரசாங்கத்துக்கு எழுதித் தெரிவிக்கும் வாய்ப்பு குடிமக்களுக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை.

கடிதத்துக்கு அசையாதவர்களுக்காகக் கண்டுபிடிப்பு வேன் இருக்கிறது. 1952 முதல் பிரிட்டன் வீதிகளில் ஓடுவதாகப் பெயர். எந்த வீட்டில் எந்த அறையில் டிவி ஓடுகிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடுமாம். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அது சேகரித்த சான்று எதையும் கோர்ட்டில் வைத்ததில்லை என்று தகவல் கேட்டவர்களுக்கு பிபிசியே பதில் எழுதியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்து, ஒரு வழக்கிலும் சாட்சி சொல்லாமல், இருந்தும் ஊரையே பயத்தில் வைத்திருப்பதென்றால் சாமானிய சாதனையா? நம் ஊர் எல்லைச் சாமிக்குக்கூட வருடத்துக்கு ஒரு முறை இறங்கிவந்து குறி சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையில் கண்டுபிடிப்பவர்கள் வேனில் வருவதில்லை, நடந்து வருகிறார்கள். வசூலை பிபிசியின் சார்பில் கேப்பிட்டா என்ற தனியார் நிறுவனம் கவனிக்கிறது. அதன் ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை. இதை அறிந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வார். அவரோடு விஷயம் முடிந்தது. அறியாதவர், வந்தவரை வாசலில் நிறுத்தக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர், உள்ளே அழைத்து உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லி, கடைசியில் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். வழக்குக்கு அது போதும். விருந்தோம்பலையும் உண்மை பேசுவதையும் கண்டுபிடித்து முறைப்படி தண்டிக்கும் ஏற்பாடு இது.

பகல் நேரத்தில் கதவைத் திறப்பது யார்? குழந்தையோடு வீட்டில் இருக்கும் அம்மா, வேலை இல்லாதவர், உடம்பு முடியாதவர். ஆகவே லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நாடாளுமன்றத்தில், கம்பெனி போர்டுகளில், நீதிபதி இருக்கைகளில் பெண்களுக்குப் பாதி இடம் கேட்டு எவ்வளவு காலமாகப் போராடுகிறார்கள். இங்கே எந்தப் போராட்டமும் இல்லாமல் எழுபது சதவீதம். இது எப்படி நேர்ந்தது என்று பிபிசியே 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வேண்டுமென்று யாரும் பெண்களைக் குறிவைக்கவில்லை என்பது அதன் முடிவு. நல்லது, வேண்டுமென்று செய்திருந்தால் இத்தனை நேர்த்தியாக அமைந்திருக்காது.

கோர்ட் என்றதும் கறுப்பு அங்கி, கூண்டு, குறுக்கு விசாரணை என்று கற்பனை செய்ய வேண்டாம். அந்த ஆடம்பரமெல்லாம் ஏழைகளுக்கு எதற்கு? 2015இல் வந்த ஒற்றை நீதிபதி நடைமுறைப்படி, ஒரு மாஜிஸ்திரேட் ஒரு சட்ட ஆலோசகரோடு அறையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துத் தீர்த்துவிடுவார். பொதுமக்கள் இல்லை, வக்கீல் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லை. கடிதத்தைப் பிரிக்கவே பயந்து அலமாரியில் செருகிவைத்தவர் தான் தண்டிக்கப்பட்டதை இன்னொரு கடிதத்தில் தெரிந்துகொள்வார், அதைப் பிரித்தால். அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். வழக்குச் செலவும் உண்டு. இத்தனையும் கட்டிய பிறகு லைசென்ஸ் கைக்கு வருமா என்றால், வராது. அதைத் தனியாக வாங்க வேண்டும். குளிர்காலத்தில் கேஸ் பில் கட்டாவிட்டால் அது வெறும் கடன். லைசென்ஸ் இல்லாமல் வானிலை அறிக்கை பார்த்தால் அது குற்றம். எது அத்தியாவசியம் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ் கட்டாததற்காக யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை என்பார்கள், அது சத்தியம். அபராதம் கட்டாததற்குத்தான் அனுப்பலாம்.

இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று டேவிட் பெரி என்ற மூத்த வழக்கறிஞரைக் கொண்டு அரசு ஆராய்ந்தது. இப்போதைய கட்டண முறை நீடிக்கும் வரை குற்றமாகவே இருக்கட்டும் என்று 2015இல் சொன்னார் அவர். சாதாரணக் கடனாக மாற்றினால் வசூல்காரர்கள் வீட்டுச் சாமானில் கை வைப்பார்கள் என்ற அக்கறையும் அந்த விவாதத்தில் அடிபட்டது. ஏழையைக் காப்பாற்றத்தான் ஏழை மேல் வழக்கு.

முதியவர்களுக்குக் காட்டிய பரிவையும் சொல்ல வேண்டும். 75 வயது கடந்தவர்களுக்கு 2000இல் லைசென்ஸை இலவசமாக்கி அரசு கைதட்டல் வாங்கிக்கொண்டது. 2015இல் அந்தச் செலவை பிபிசி தலையில் கட்டிவிட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது லண்டன் கஜானாவுக்கும் தெரிந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில், கொரோனா பயம் இன்னும் விலகாத நேரத்தில், பென்ஷன் கிரெடிட் என்ற ஏழை முதியோர் உதவி பெறுபவர்கள் தவிர மற்றவர்களுக்கு இலவசத்தை பிபிசி நிறுத்தியது. நேரம் பார்த்துச் செய்ததில் குறை இல்லை. வெளியே போகப் பயப்படும் கிழவருக்கு டிவியின் அருமை வேறெப்போது புரியும்?

நமக்கும் இதில் சிறு பங்கு உண்டு. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பை, பின்னாளில் தமிழோசை என்று பெயர் பெற்றதை, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் போர் நடந்த வருடங்களில் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டவர்கள் ஏராளம். உள்ளூர் வானொலி சொல்லாததை அது சொன்னது. ஒரு பைசா கேட்கவில்லை. உலக சேவையின் செலவை அப்போது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை கொடுத்துவந்தது. 2014இல் அந்தப் பாரம் லைசென்ஸ் பணத்தின் மேல் இறங்கியது. 2017 ஏப்ரலோடு தமிழோசை வானொலி நின்று, மிச்சம் இணையத்துக்குப் போனது. ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் அந்த ஆபீஸ் துடைக்கும் பெண் ஒருவேளை அந்த ரேடியோவைக் கேட்டு வளர்ந்தவராகவே இருக்கலாம். ஊரில் இலவசமாகக் கேட்டதற்கு இங்கே வந்து ஆண்டுக்கொரு லைசென்ஸ் வீதம் கடனைத் தீர்க்க வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அதையும் தவணையில் தீர்க்கலாம். காலாண்டுக்கு ஒரு முறை வங்கியில் பிடித்துக்கொள்ளச் சொன்னால், ஒவ்வொரு முறையும் 1.25 பவுண்டு கூடுதல். மொத்தமாகக் கட்ட வசதி உள்ளவருக்கு அந்தத் தண்டம் இல்லை.

பிபிசியின் சரக்கில் பழுதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விளம்பரம் இல்லாத செய்தி, கடலடியிலும் காட்டிலும் வருடக்கணக்கில் காத்திருந்து எடுத்த படங்கள், நாடகங்கள். இவ்வளவு நல்ல பொருளை வாங்க ஆளைச் சேர்ப்பதற்கு ஒரு குற்றவியல் சட்டமும், நடந்தே வரும் அதிகாரிகளும், வேலை குறையாத மாஜிஸ்திரேட்டுகளும் தேவைப்படுகிறார்கள் என்பதிலிருந்தே அதன் தரம் விளங்கும்.

பிபிசியின் இப்போதைய சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குள் என்ன செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. வருமானத்துக்கு ஏற்ப வாங்கலாம் என்கிறார்கள் சிலர். மேஃபேர் சீமான் புண்படுவார். பொது வரியிலிருந்து கொடுக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். அப்போது அரசின் கை பிபிசியின் கழுத்தில் இருக்கும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, கட்டணத்தை வருடக்கணக்கில் ஏற்றாமல் முடக்கியபோதும் முதியோர் செலவைத் தலையில் கட்டியபோதும் அந்தக் கை எங்கே இருந்தது என்பதை மறந்துவிட்டு. எல்லாவற்றிலும் மோசமான யோசனை, சந்தா கட்டியவர் மட்டும் பார்க்கட்டும் என்பது. பார்க்க விரும்பாதவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், கடிதம் வராது, சார்ஜரை மாணவன் தாராளமாகச் சுவரில் செருகலாம். கேப்பிட்டாவின் வசூல் ஆட்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள் என்று மட்டும் இந்த யோசனைக்காரர்கள் இன்னும் சொல்லவில்லை.