பெப்ரவரியில் வாழை பார்க்கப் போவது எப்படி

ஊரிலிருந்து ரொறொன்ரோவுக்கு வந்து மூன்று மாதமான அம்மம்மா யன்னலடியில் இருந்துகொண்டு, "ஒரு பச்சை இலைகூட இல்லையே" என்று இரண்டாம் தரம் சொன்னவுடன் அலன் கார்டன் கண்ணாடிப் பசுமைக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டும். மூன்றாம் தரம் சொல்ல விட்டால் கதை பிளேன் ரிக்கெற்றில் போய் முடியும்.

506 ஸ்ட்ரீட்கார் கால்ரன் வீதியில், பூங்காவுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். பழைய கட்டடம், மராமத்து நடக்கும். எந்தெந்த அறை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. அனுமதி இலவசம். இதை முதலே சொல்லாதீர்கள். "காசில்லாமல் காட்டுற இடத்திலை என்ன கிடக்கப்போகுது?" என்பா.

கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைக்கத் துடைக்கப் புகாரேறும். கண்ணாடி சூடேறும்வரை பேசாமல் நில்லுங்கள். அதற்குள் அம்மம்மாவின் ஜக்கெற், சுவெற்றர், தொப்பி, கையுறை எல்லாம் உங்கள் தோளில் ஏறியிருக்கும். அன்று முழுக்க நீங்கள்தான் உடுப்புக்கொடி.

குவிமாடத்தோடு நடுவில் நிற்கும் பனை வீடு 1910இல் வந்தது. அதற்கு முன் நின்ற மண்டபம் 1902இல் எரிந்துபோனது. 1882இல் ஒஸ்கார் வைல்ட் வந்து பேசியது அந்த மண்டபத்தில். நிலம் கொடுத்தவர் நகரின் முன்னாள் மேயர் ஜோர்ஜ் வில்லியம் அலன். எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போங்கள். சொல்வதற்குத்தான் சந்தர்ப்பம் கிடைக்காது.

ஏனென்றால் வாழை வந்துவிடும். மற்றவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தி வியப்பார்கள். அம்மம்மா குனிந்து அடியைப் பார்ப்பா. "குட்டி கனக்க விட்டிருக்கினம். ஒண்டு ரெண்டை விட்டிட்டு மற்றதை வெட்டோணும்." தோட்டக்காரர் பக்கத்தில் நின்றாலும் மொழிபெயர்க்க வேண்டாம். காய்ந்த சருகை உரிக்கக் கை நீளும், பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அவ ஓர் இலையை நுனியிலிருந்து அடிவரை பார்ப்பா. காற்றே படாத இலை, ஒரு கிழிசல் கிடையாது. "இவ்வளவு நல்ல இலையை வைச்சுக்கொண்டு ஆருக்கும் சோறு போடேல்லையோ?"

இதற்கு என்னிடமும் பதில் இல்லை.

கள்ளி அறையில் அதிகம் நிற்க மாட்டா. ஆடு வராமல் வேலியில் நட்டதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? ஆமைகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். முடிந்தால் மாமா ஒருவரையும் கூட்டிப் போங்கள். எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் பலர் முதலில் குடியிருந்த செயின்ற் ஜேம்ஸ் ரவுன் இங்கிருந்து நடைதூரம்தான். வருடக்கணக்காக இந்தக் குவிமாடத்தைத் தாண்டி வேலைக்குப் போயிருப்பார். உள்ளே வாழை நிற்பது இன்றைக்குத்தான் தெரியவரும்.

கடைசியாகச் செவ்வரத்தை. பலகையில் இலத்தீன் பெயர் எழுதியிருக்கும். வாசித்துக் காட்டாதீர்கள், சிரிப்பா. "தடி வைச்சாலே தளிர்க்கும்" என்று மட்டும் மெல்லச் சொல்லுவா. நீங்கள் அந்த நேரம் ஜக்கெற்றின் கையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்ட்ரீட்காரில் ஏறிய பிறகு அவவின் கைப்பையைத் திறக்க வேண்டாம்.