குழம்பு மஞ்சளுக்கு வராத சாமர்த்தியம்

பாகூர்ப் பக்கம் நடவு நட்டே முட்டி தேய்ந்த பெண்களிடம் மஞ்சள் கேப்சூல் மருந்துக்கடை வழியாக மட்டும் வந்து சேர்வதில்லை. தெரிந்த வீட்டுப் பெண்ணே டப்பாவோடு வந்து, "நம்ம மஞ்சள்தான்கா, சைடு எஃபெக்ட்டே கெடையாது" என்று கையில் வைத்துவிட்டுப் போகிறாள். முட்டி வலிக்கு அது ஓரளவு கேட்கிறது என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. இந்தக் கேப்சூலைப் புகழத்தான் போகிறேன். அதன் பெருமையை விற்பவர்களே பாதிதான் சொல்கிறார்கள். மீதியும் தெரிய வேண்டாமா?

அதன் முதல் பெருமை, உடம்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும். குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மஞ்சள்தூளில் வேலை செய்யும் சரக்கான குர்குமின் இருப்பதே நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். அதுவும் தண்ணீரில் கரையாது; குடலும் அதைச் சரியாக உறிஞ்சாது. தப்பித் தவறி உள்ளே போனதைக் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். வில்லியனூரில் மீன் குழம்பு கொதிக்கிற வீடுகளில் தலைமுறை தலைமுறையாக மஞ்சள் சாப்பிட்டவர்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள். கேப்சூல் ஒன்றில் 500 மில்லிகிராம் சாறு. அதில் 95 சதவீதம் குர்குமின். அதே அளவு குர்குமின் வேண்டுமென்றால் ஏறக்குறைய 15 கிராம் தூள், அதாவது ஐந்து தேக்கரண்டி தின்ன வேண்டும். ஒரு ஆளின் குழம்பில் ஐந்து தேக்கரண்டி மஞ்சளைக் கொட்டினால் கசப்பில் நாக்கே துப்பிவிடும். கேப்சூல் நாக்கைத் தொந்தரவு செய்வதில்லை.

இரண்டாவது பெருமை அதன் துணை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் ஓர் ஆய்வு நடந்தது. 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உடம்பு எடுத்துக்கொண்ட குர்குமின் 20 மடங்கு உயர்ந்தது. அன்றிலிருந்து பல கேப்சூல்களில் பைப்பரினும் உண்டு. குர்குமினை வெளியே தள்ளும் காவலாளியை அது கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது. திறந்த கதவு குர்குமினுக்கு மட்டும் என்ற கஞ்சத்தனமும் அதற்கு இல்லை. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளும் அதே வழியில் ரத்தத்தில் ஏறிக்கொள்ளும். இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரினோடு குர்குமின் கூட்டுச் சேர்ந்தால், ரத்தப்போக்கு நிற்பது கஷ்டமாகலாம்.

கேப்சூலின் தாராளத்தையும் சொல்ல வேண்டும். குர்குமினை உணவு நிறமியாகச் சேர்ப்பதற்கு உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அறுபது கிலோ பெண்ணுக்கு 180 மில்லிகிராம். ஒரே கேப்சூல் 475 கொடுக்கிறது. காலையும் இரவும் போட்டால் இன்னும் தாராளம்.

கடையில் விற்கும் மஞ்சளிலும் இப்படியொரு தேர்ந்த சரக்கு உண்டு. அசல் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். கலப்படத்துக்குச் சேர்க்கும் ஈய குரோமேட் அப்படியல்ல. சாலையில் மஞ்சள் கோடு போடும் பெயின்டுக்குப் பயன்பட்ட நிறமி அது. விசுவாசமும் அதிகம்: உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல வருஷம் தங்கும், தாய் கர்ப்பமானால் பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2024-இல் வெளிவந்த தெற்காசிய ஆய்வில் பாட்னாவில் வாங்கிய சில மாதிரிகளில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 10. வங்கதேசம் 2019-இல் முனைப்பாக இறங்கிச் சோதனை நடத்தி, அபராதம் விதித்து, இரண்டே ஆண்டில் சந்தையிலிருந்து அதை ஏறக்குறைய விரட்டியது. விரலி மஞ்சளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். போட்டவுடனே தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானால் அந்தச் சரக்கு வேண்டாம்.

கேப்சூலுக்கே திரும்பி வருகிறேன், அதன் ஆகப் பெரிய சாதனை பாக்கி இருக்கிறது. முகத்தில் பூசும் மஞ்சள் மறுநாள் போய்விடும். கேப்சூல் அந்த நிறத்தைக் கண்ணின் வெள்ளை வரைக்கும் கொண்டுபோகிறது. இத்தாலியில் 2019-இல் குர்குமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வரிசையாகப் பதிவானது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது. அமெரிக்க ஆய்வுக் குழு விவரித்த பத்து நோயாளிகளில் ஒருவர் இறந்தார்; ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. எல்லாரையும் தொடாது, ஆளைப் பார்த்துத்தான் தொடும். நம்மில் யார் அந்த ஆள் என்று வாங்கும்போது யாருக்கும் தெரியாது.

அடக்கத்திலும் அதற்கு ஈடில்லை. உணவுப் பொருளுக்கான உரிமத்தோடு வருவதால் யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மாவிடம் "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று சொல்கிறார். டப்பாவின் பெயர் வருவதே இல்லை. வீட்டுக்கு வந்து கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார், கூடவே கேப்சூலையும் போட்டுக்கொள்கிறார். கேப்சூலை நிறுத்தினாலே பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கல்லீரல் தேறிவிடுகிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.