கண் வைத்த பாட்டுப் பெட்டி

சிங்கப்பூர்,
11 அக்டோபர் 2010

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டிவலி தேவலையா? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நான் என்ன சாப்பிட்டேன், ஏன் அதைச் சாப்பிட்டேன் என்று சித்தி விசாரித்து முடிப்பதற்குள் போன் கார்டில் காசு கரைந்துவிடுகிறது. உங்கள் கைக்கு ரிசீவர் வருகிற நேரத்தில் இங்கே இணைப்பு அறுந்துவிடும். உங்களிடம் விவரமாகப் பேச வேண்டிய சமாச்சாரம் என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடை இருக்கும் தேக்காவில் தீபாவளி விளக்குப் போட்டாகிவிட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை வேறு. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஆனால் வாங்க வந்தவர்கள் சொற்பம். மற்றவர்கள் ஏசியில் நிற்கவும் கருத்துச் சொல்லவும் வந்தவர்கள். இந்த ஊரில் டீ குடித்தாலும் டிவி வாங்கினாலும் 7 சதவீதம் ஜிஎஸ்டி. கருத்துக்கு மட்டும் இன்னும் வரி போடவில்லை. போட்டால் எங்கள் கடை வாசலில் இருந்தே கஜானா நிரம்பிவிடும்.

ஒரு வருஷமாக எங்கள் கண்ணாடிப் பெட்டியில் அதிகக் கருத்து வாங்கிய சாமான் எது தெரியுமா? ஐபாட் நானோ, ஐந்தாம் தலைமுறை. இரண்டு விரல் அகலம், 6 மில்லிமீட்டர் கனம், 36 கிராம் எடை. போன வருஷம் செப்டம்பர் 9-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் இதை மேடையில் எடுத்துக் காட்டினார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அந்த மனிதர் இப்படி ஒரு மேடையேறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. பாட்டுப் பெட்டியின் முதுகில் ஒரு கேமராவை வைத்து, 8 ஜிபி 149 அமெரிக்க டாலர், 16 ஜிபி 179 என்று விலை சொன்னார். கையடக்க வீடியோ கேமரா தனியாக வாங்கினாலே 149 டாலர் ஆகிறது, நாங்கள் அதைப் பாட்டோடு சும்மா தருகிறோம் என்பது அன்றைய பேச்சின் சாரம்.

உங்களுக்கு இதில் என்ன அதிசயம் இருக்கப்போகிறது? ஊரில் நம் கடையில் இடது பக்கம் ஸ்டுடியோ, வலது பக்கம் ரெக்கார்டிங் சென்டர், நடுவில் ஒரு பச்சைத் திரை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் எழுந்து, திரையை விலக்கி, 60 நிமிஷக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். கேமராவையும் பாட்டையும் ஒன்றாய்ச் சேர்த்த காப்புரிமை நியாயமாக உங்களுக்குத்தான். சிரிக்காதீர்கள். இந்த ஊர்க் கம்பெனி கிரியேட்டிவ், பாட்டுகளைப் பாடகர் வாரியாக, ஆல்பம் வாரியாக அடுக்கித் தேடும் முறைக்குத் தாங்கள் முன்பே காப்புரிமை வாங்கிவிட்டதாக ஆப்பிள் மேல் வழக்குப் போட்டது. 2006-ல் ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்து சமாதானம் செய்துகொண்டது. நீங்களும் படம் வாரியாக, இசையமைப்பாளர் வாரியாக நோட்டுப் போட்டு வைத்திருந்தீர்களே! அந்த நோட்டைச் சித்தி பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தால் எனக்கு உடனே தெரியப்படுத்தவும்.

கருத்துக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து சுற்றுலா வருகிறவர்களின் முதல் கேள்வி, "போட்டோ நல்லா விழுமா தம்பி?"

"போட்டோ எடுக்காது சார். வீடியோ மட்டும்."

இதைச் சொன்னதும் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! கடையில் என்னமோ தில்லுமுல்லு நடக்கிறது, நல்ல சரக்கை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறான் என்கிற பார்வை. இத்தனைக்கும் இது என் கற்பனை இல்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் டேவிட் போக் கேட்டபோது ஜாப்ஸ் தந்த விளக்கமே இதுதான்: வீடியோவுக்கான சென்சார் இந்த ஒல்லி உடம்புக்குள் அடங்கும், தரமான போட்டோவுக்கு வேண்டிய சென்சார் கனமானது, அடங்காது. சுற்றுலா வந்த சென்னைப் பெரியவர் ஒருவர் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடியோன்னா என்னப்பா, செகண்டுக்கு முப்பது போட்டோதானே? அதுல ஒண்ணை நிறுத்திக் குடுக்க மனசு வரலையா அவனுக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

பரிசோதிக்க வெளியே வைத்திருக்கும் பெட்டியில் ஒரு வருஷமாக ஜனங்கள் எடுத்த வீடியோக்களை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பாதி, விரல். லென்ஸ் பின்பக்கம் அடி ஓரத்தில் இருக்கிறது. பாட்டுக் கேட்கிற பழக்கத்தில் முன்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடித்தால் விரல் நேராகக் கண்ணை மறைக்கும். மீதிப் பாதி, எங்கள் கடையின் உத்தரம். நடுநடுவே எக்ஸ்ரே மாதிரியும் கலைடாஸ்கோப் மாதிரியும் காட்டுகிற பதினைந்து வகை வித்தைகளைப் பசங்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆளை இரண்டு நாற்காலியில் உட்காரவைத்து நீங்கள் எடுத்த டிரிக் போட்டோவுக்கு முன்னால் இதெல்லாம் ஜுஜுபி.

அடுத்து, தேசிய சேவைக்குப் போகும் பையன்கள். இங்கே பதினெட்டு வயதானால் ஆண் பிள்ளைகள் ராணுவத்திலோ போலீசிலோ தீயணைப்பிலோ இரண்டு வருஷம் கட்டாயம் இருக்க வேண்டும். முகாமுக்குள் கேமரா உள்ள எதையும் கொண்டுபோகக் கூடாது. அதனால் இந்த ஊரில் கேமரா இல்லாத போனுக்குத்தான் தனி மவுசு. காசு வாங்கிக்கொண்டு போனிலிருந்து கேமராவைக் கழற்றித் தருகிற கடைகளே உண்டு என்றால் பாருங்களேன். மொட்டைத் தலையோடு வருகிற பையன், பெட்டியைத் தடவிப் பார்ப்பான், நிறம் ஒன்பதையும் பார்ப்பான், பாட்டைக் கேட்பான், திருப்புவான், கண்ணைப் பார்ப்பான். அவ்வளவுதான். "அய்யோ அங்கிள், கேமரா இருக்கு லா. கேன்னாட்." இனாமாகக் கொடுத்த பொருளால் வியாபாரம் கெடுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நம் ஆட்கள் கதையும் அதேதான். ஜூரோங் தீவு முழுக்க எண்ணெய், ரசாயன ஆலைகள். 2001-லிருந்து பாதுகாக்கப்பட்ட இடம். பாஸ் இல்லாமல் போக முடியாது, அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. சில கம்பெனிகளில் வாசலிலேயே போன் லென்ஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். அங்கே வேலை செய்கிற தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்தால் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, 96.8 வருமா?" ஒலி 96.8, இங்கத்தித் தமிழ் வானொலி. வரும் என்று சொல்லி, இயர்போன் ஒயரை மாட்டி (ஒயர்தான் ஏரியல்), பாட்டு ஓடும்போதே நிறுத்திக் காட்டுவேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். பதினைந்து நிமிஷம் வரைக்கும் ரேடியோவை இப்படி நிறுத்தி வைக்கலாம். சித்தப்பா, அந்த முகங்களை நீங்கள் பார்க்க வேண்டும்! கேமராவைக் காட்டும்போது வராத வெளிச்சம் அப்போது வரும். "சூப்பர்வைசர் கூப்பிட்டா நிறுத்திக்கலாம், போனப்புறம் கேட்டுக்கலாம். இல்லண்ணே?" என்றான் ஒரு அறந்தாங்கிப் பையன். இதுவரை நான் கேட்டதிலேயே உருப்படியான கருத்து இது ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு. பெரிய பெரிய போஸ்டரில் கேமராவைப் போட்டவர்கள், நிறுத்தி வைக்கிற ரேடியோவை ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சீன ஆன்டிகளுக்குப் பாட்டும் வேண்டாம், படமும் வேண்டாம். நடந்தால் எத்தனை அடி என்று எண்ணிச் சொல்கிறதாமே, அது போதும். ஒரு ஆன்டி கடைக்குள்ளேயே பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று சுற்று நடந்து, எண்ணிக்கை சரிதான் என்று தலையாட்டிவிட்டு, விலையைக் கேட்டதும் அதே நடையில் வெளியே போய்விட்டார்.

எங்கள் முதலாளி தவுக்கே இதற்கெல்லாம் அசைவதில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் பழைய ஃபியூஜி ஃபிலிம் ஃபைன்பிக்ஸ் 40i கேமரா ஒன்றை வைத்திருக்கிறார். 2000-ல் வந்தது. போட்டோ கேமராவுக்குள்ளேயே எம்பி3 பாட்டு. பாட்டை ஓட்ட, நிறுத்த இயர்போன் ஒயரில் ஒரு குட்டி ரிமோட். படமும் பாட்டும் ஒரே ஸ்மார்ட்மீடியா அட்டைக்குள் குடியிருக்க வேண்டும். 64 எம்பி அட்டையில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பாட்டு, அதாவது உங்கள் ஒரு 60 கேசட். படம் எடுக்க இடமில்லை என்றால் பாட்டை அழிக்க வேண்டியதுதான். மாமியாரைப் படம் எடுப்பதற்காகத் தெரசா டெங் பாட்டு ஒன்றை அழித்த வாடிக்கையாளர், மறுநாளே கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்தாராம். தவுக்கே சொல்கிற கதை. அதில் எவ்வளவு உண்மை தேறும் என்று நான் உரசிப் பார்க்கவில்லை. பிறகு 2002-ல் கேசியோ எக்ஸிலிம் எம்1, 2006-ல் சாம்சங் என்வி3 என்று யார் யாரோ இதே கல்யாணத்தை நடத்திப் பார்த்துவிட்டார்கள். "கேமரா வாங்குறவன் கேமராவைக் கேட்பான். பாட்டுக் கேட்கிறவன் பாட்டைக் கேட்பான். ரெண்டையும் கேட்கிறவன் போன் வாங்குவான்" என்பார் தவுக்கே. கிழவர் சொன்னது தப்பில்லை.

இப்போதுதான் கூத்து. போன மாதம் 1-ம் தேதி புது நானோ அறிவித்தார்கள். சதுரமாக, தொட்டால் நகர்கிற திரையோடு, சட்டையில் மாட்டும் கிளிப் வைத்து, 21 கிராமில். கேமராவை எடுத்துவிட்டார்கள்! வீடியோ பார்க்கும் வசதியும் போச்சு. விலை அதே 149. கேமராவை அண்ணன்காரனான ஐபாட் டச்சுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு 229 டாலர். சரி, ஒரு வருஷம் ஜனங்கள் கொடுத்த கருத்தைக் காதில் வாங்கிக்கொண்டார்கள் போல என்று நினைத்தேன். நேற்று வந்த கூட்டத்தில் பாதிப் பேர் புதுசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே கேமரா? போன வருஷம் இருந்ததே! விலையைக் குறைக்காமல் இதை மட்டும் பிடுங்கிக்கொண்டானா?" என்று என்னிடம் சண்டை. கேமராவை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டதுபோல் பேசுகிறார்கள். அதில் இரண்டு பேர், இதில் இருக்கும் கேமராவால் என்ன பிரயோசனம் என்று போன வருஷம் எனக்கு வகுப்பெடுத்தவர்கள்.

விஷயம் என்னவென்றால், தம்பி கல்லூரி சேர்ந்ததற்காக அவனுக்கு ஒரு பாட்டுப் பெட்டி அனுப்பலாம் என்றிருக்கிறேன். பழைய மாடலும் கொஞ்சம் இருப்பு இருக்கிறது, புதுசும் இருக்கிறது. ஆனால் அவன் கல்லூரியில் வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களாமே. கண் உள்ள பெட்டியை எந்த வாட்ச்மேன் உள்ளே விடுவார்? அதனால் அவனுக்குக் கேமரா இல்லாத புதுசு. அதிலும் ரேடியோவை நிறுத்தி வைக்கலாம்; வகுப்பு நேரத்தில் நிறுத்தினால் சரி. கேமரா உள்ள பழசை உங்களுக்கு அனுப்புகிறேன். இரண்டுக்குமே பாட்டு ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும். ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருக்கும் அதுவே போதும். வீடியோ எடுக்கும்போது பெட்டியை மேல் பக்கமாகப் பிடியுங்கள்.

பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் 30-ம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார். பேராவூரணி வழியாகத்தான் போகிறார், கையோடு கொடுத்துவிடுவார். உங்கள் பெட்டிக்கு ஒன்பது நிறத்தில் எது வேண்டும் என்று 28-ம் தேதிக்குள் தம்பியை விட்டு ஒரு எஸ்எம்எஸ் போடச் சொல்லுங்கள். நிறத்தை மட்டும் எழுதினால் போதும், கருத்து வேண்டாம். விலை எவ்வளவு என்று சித்தி கேட்டால், தயவுசெய்து, கடையில் இனாமாகக் கொடுத்தார்கள் என்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்