வாயில்லா விருந்தாளிகள்

அமாவாசை ராத்திரி. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அழுகிய வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் பிசைந்து வைத்துக்கொண்டு, நெற்றியில் டார்ச்சோடு ஒருவர் எதையோ முணுமுணுத்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? வடவள்ளியிலும் அதைத்தான் நினைத்தார்கள். எதிர்வீட்டம்மா மறுநாளே வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். முணுமுணுத்தது மந்திரமில்லை, அந்துப்பூச்சிகளின் லத்தீன் பெயர்.

தெருப்பிள்ளைகளுக்கு அவர் பூச்சி மாமா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலண்டரைக் கிழித்தால் அவர் தேடுவது முகூர்த்தமில்லை, தேய்பிறை. நிலா இருந்தால் 160 வாட்ஸ் மெர்குரி பல்புக்கு மவுசு குறைந்துவிடுமாம். தெருவிளக்கு எரியவில்லையென்று ஊரே எழுதிய மனுவில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் அவர்தான்.

விட்டில் விளக்கைக் காதலித்து மாள்கிறது என்று எந்தக் கவிஞர் எழுதினாலும் அவருக்கு ஆகாது. "காதலாவது கத்தரிக்காயாவது! வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் வானம்னு நினைச்சு முதுகைத் திருப்புதுங்க. அதான் விளக்கை விட்டு விலக முடியாம சுத்துது. 2024-லயே ஆராய்ச்சி வந்தாச்சு" என்பார். நீலகிரியில் தேயிலை பயிரிட்டு, பிற்பாடு 1892-இல் இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி முதல் தொகுதி வெளியிட்ட ஹாம்ப்சன் துரையை, ஏதோ பெரியப்பா மகன் மாதிரி "நம்ம ஹாம்ப்சன்" என்றுதான் சொல்வார்.

உபசரிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை, வருவது பூச்சியாக இருந்தால். பல்லி எட்டிப் பார்த்தால் துடைப்பத்தோடு பாய்வார். விடிந்தால் கரிச்சான் வந்து வேட்டியில் ஒட்டியிருப்பதையெல்லாம் கொத்திவிடும் என்று நாலரை மணிக்கே எழுந்து விளக்கை அணைத்துக் காவல் நிற்பார். மகளின் பரீட்சைக்குக்கூட அவர் அந்நேரத்துக்கு எழுந்ததில்லை. பூஜைக்கென்று மனைவி அம்மணி வளர்த்த நந்தியாவட்டையைப் புழு மொட்டையடித்தபோது, "அது சாப்பிடட்டும் விடு, பச்சைப்பிள்ளை" என்றாரே பார்க்கணும்!

ஒருநாள் அட்லஸ் அந்துப்பூச்சி வந்தது. ஒரு சாணுக்குக் குறையாத சிறகு, அதன் நுனியில் பாம்புத்தலை மாதிரி வளைவு. மனைவியை உலுக்கி எழுப்பிக் காட்டினார்.

"இதுக்கு என்னங்க தீனி?"

"ஒண்ணுமில்ல. வாயே வேலை செய்யாது. புழுவா இருந்தப்ப தின்ன கொழுப்புலயே கொஞ்ச நாள் ஓட்டிட்டுப் போய்ச் சேர்ந்துரும்."

"வாயில்லாததுக்கு விடிய விடிய விருந்து. வாயுள்ள எங்க சனம் வந்தா மட்டும் உங்களுக்குத் தலைவலி" என்று அம்மணி திரும்பிப் படுத்துக்கொண்டார். மாடியில் தொங்கியது தாய்வீட்டுச் சீர் வேட்டி என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

அந்தச் சனத்தில் ஒருத்தர், அம்மணியின் தம்பி, போன ஆடியில் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். தும்பைப்பூ வெள்ளைச் சட்டை. கை நிறையப் பை. கீழே யாரும் கதவைத் திறக்காததால் வெளிப்படி வழியாக நேரே மாடிக்கே ஏறிவிட்டார். பச்சையும் இளஞ்சிவப்புமாக ஓர் அரளிப் பருந்து அந்து பறந்து வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தது.

"மாப்ள! அசையாதீங்க!"

கேமரா மூன்று பக்கமும் சுற்றியது. ஸ்கேல் வந்தது. லென்ஸ் மாறியது.

"ஏனுங்க மச்சான், பையையாவது கீழே வச்சுக்கட்டுங்களா?"

"மூச்சை மெதுவா விடுங்க மாப்ள. சிறகு ஆடுது."